வீடா? பள்ளியா?

நடுவர் அவர்களே! படிக்கத் திணறுற பிள்ளையை வீடுதான் கரையேத்தணும்னு எதிரணி அம்மா சொன்னாங்க. விடியுமுன்னே தோவாளையில பூக்கட்ட உட்காருற தாய், எப்பம்மா எழுத்துக் கூட்டிச் சொல்லித் தருவா? (கைதட்டல்)

வாயால கேட்டா கணக்கைப் பட்டுனு சொல்லுவான். தாளை நீட்டினா தலை குனிவான். அவனுக்கு நாம வச்ச பேரு 'மக்கு'! 1995 சட்டத்துல இருந்த ஏழு வகை ஊனத்தில் கற்றல் குறைபாடு கிடையாது. 2016 சட்டம் 21 வகையாக்கினபோதுதான் அதுவும் சேர்ந்தது. தொடக்கப் பள்ளியில, சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர் வேணும்னு 2021-ல உச்ச நீதிமன்றமே சொல்லிச்சு.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுல, சொல்றதை எழுத ஆள் தர்றோம். கூடுதலா ஒரு மணி நேரமும் தர்றோம். சரி, நல்லதுதான். ஆனா அதுவரைக்கும் வந்து சேர, அவன் மூணாம் வகுப்பைத் தாண்டணுமே! முதல்ல அந்த வகுப்புல அவன் பக்கத்துல உட்கார ஒரு வாத்தியாரு வரட்டும். அப்புறம் வீட்டைக் குறை சொல்லுவோம்.