வகுப்பறையிலிருந்து தலைமையாசிரியர் நாற்காலிக்கு

(ஜமாஅத் கல்விக்குழு நடத்திய ஆசிரியர் பாராட்டு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாமல், அவர்களுடைய பணியில் அடுத்த படி எது என்பது குறித்தும் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று கல்விக்குழுவினர் கேட்டுக்கொண்டனர். மிம்பரில் நிற்பவருக்கு அரசாங்கப் பணி விதிகளைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் எண்ணக்கூடும். நியாயமான ஐயம்தான். ஆனால் ஓர் ஊரின் இமாமிடம் திருமணப் பேச்சும் பாகப்பிரிவினையும் மட்டும் வருவதில்லை. "வீட்டில் அவளுக்குத் தலைமையாசிரியர் பதவி வந்திருக்கிறது, ஏற்றுக்கொள்ளலாமா ஹஜ்ரத்?" என்ற கேள்வியும் வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் கணவராக இருக்கிறார். பதவி வந்தவர் வீட்டில் இருக்கிறார். ஆகவேதான் இப்பொருளை ஆசிரியர்களிடமே விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மேனிலைப் படிப்புக்குப் பின் ஈராண்டு பட்டயப் பயிற்சி பெற்று, ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு வருபவரை நம் மாநிலத்தில் இடைநிலை ஆசிரியர் என்கிறோம். அவருக்கு முன்னே இரண்டு வழிகள் உள்ளன. பணிமூப்பின்படி தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஆவது ஒன்று. பட்டமும் பி.எட். தகுதியும் பெற்றுப் பட்டதாரி ஆசிரியராகி, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் நிலைக்கு உயர்வது மற்றொன்று. அதற்கும் மேலே வட்டாரக் கல்வி அலுவலர் பதவி இருக்கிறது. அதில் ஒரு பகுதி பதவி உயர்வாலும், ஒரு பகுதி நேரடித் தேர்வாலும் நிரப்பப்படுகிறது. முன்பெல்லாம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பணிமூப்பு ஒன்றிய அளவில் கணக்கிடப்பட்டது. 2023 டிசம்பரில் வெளியான அரசாணை அதனை மாநில அளவிலானதாக மாற்றியது. தம் ஒன்றியத்திற்குள்ளேயே உயரலாம் என்று எண்ணியிருந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதனால் கலங்கியதில் வியப்பில்லை.

இனிக் கேள்விக்கு வருகிறேன். பதவி உயர்வை ஏன் பலர் வேண்டாம் என்கின்றனர்? ஊதியத்தைக் கேட்டுப் பாருங்கள், விடை கிடைக்கும். பத்து ஆண்டுப் பணியில் தேர்வு நிலையும், இருபது ஆண்டுப் பணியில் சிறப்பு நிலையும் பெற்றுவிட்ட ஆசிரியருக்குத் தலைமையாசிரியர் ஆவதால் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை. கூடுவது வேலைதான்.

எவ்வளவு வேலை என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஐந்து ஆசிரியர்களோடு தனியாக ஒரு தலைமையாசிரியர். நம் சிற்றூர்ப் பள்ளிகளில் 150 பிள்ளைகள் எங்கே இருக்கின்றனர்? ஆகவே ஈராசிரியர் பள்ளியில் அந்த இருவரில் ஒருவரே தலைமையாசிரியர். ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொண்டு பாடமும் நடத்த வேண்டும். அதற்கிடையே வருகை விவரத்தைக் கைப்பேசியில் பதிவேற்ற வேண்டும். சத்துணவில் முட்டை எண்ணிக்கை சரியா என்று பார்க்க வேண்டும். புத்தகம், சீருடை, காலணி வந்தால் அளவு பார்த்துக் கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டும். குறுவள மையக் கூட்டத்திற்குப் போய் வர வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்கெனத் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. பசித்த வயிற்றோடு பிள்ளை பாடம் கேட்கும் நிலையை மாற்றிய நற்பணி அது, அதில் ஐயமில்லை. சமைப்பவர் சுயஉதவிக் குழுப் பெண்கள். ஆயினும் அடுப்பு எரியாத நாளில் ஊரார் தேடுவது தலைமையாசிரியரைத்தான்.

இவ்வளவையும் கேட்ட பின், "அப்படியானால் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதே மேல்" என்று கணவன்மார் சொல்வது எனக்கு விளங்காமல் இல்லை. வீட்டுச் சமையல், வயதான மாமியார், மாலையில் பிள்ளைகளின் மக்தபு, இவற்றோடு இந்தச் சுமையும் எதற்கு என்கின்றனர். ஆனால் சுமையைக் குறைக்க வீட்டார் செய்யக்கூடியது எதுவும் இல்லையா? கைப்பேசிப் பதிவுகளைக் கற்றுக்கொள்ள மகன் உதவலாம். வெளியூர்க் கூட்டம் உள்ள நாளில் கணவர் உலை வைக்கலாம்; கடல் கடந்து போய்த் தாமே சமைத்துச் சாப்பிட்டுத் திரும்பியவர்கள் இம்மஹல்லாவில் குறைவில்லை. இவை எதையும் செய்து பார்க்காமல், பதவித் துறப்புக் கடிதத்தில் மட்டும் கையொப்பம் கேட்பது முறையன்று. அக்கடிதம் அவருடைய பெயரில் போகிறது. முடிவும் அவருடையதாக இருக்கட்டும். உடல்நிலை இடம் தராது, வகுப்பறையிலேயே இருக்க விரும்புகிறேன் என்று அவரே சொன்னால் அது வேறு. ஆயுள் முழுதும் ஒன்றாம் வகுப்பிலேயே இருந்து ஓய்வு பெற்றவர் எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர்.

தலைமையாசிரியர் ஒருவரால் என்ன மாறிவிடும் என்றும் கேட்கின்றனர். அனுபவம் வாய்ந்த ஆசிரியர்கள் எனக்குச் சொன்னதில் ஒன்று மனத்தில் தைத்தது. எந்த ஆசிரியருக்கு எந்த வகுப்பு என்று தீர்மானிப்பவர் தலைமையாசிரியர். வழக்கமாகத் திறமையானவரை ஐந்தாம் வகுப்பில் வைத்துவிட்டு, புதிதாக வந்தவரை ஒன்றாம் வகுப்பிற்கு அனுப்பிவிடுவார்கள். எழுத்தறிவின் அடித்தளம் விழுவதோ ஒன்றாம் வகுப்பில். அங்கே தவறவிட்ட பிள்ளை ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறது. அலிஃப், பா பழக்காத பிள்ளைக்கு ஓதக் கற்பிக்க முடியாது என்பதை உஸ்தாதுமார்களாகிய நாங்கள் அறிவோம். சின்ன வகுப்புகளிலேயே காலமெல்லாம் நின்றவர் தலைமைக்கு வந்தால், ஒன்றாம் வகுப்பின் அருமை அவருக்குத் தெரியும். கீழ்வகுப்பு ஆசிரியர் மேலே போவதால் பள்ளிக்குக் கிடைக்கும் பெரிய இலாபம் இதுவே என்பது என் கருத்து.

எனினும் நல்ல ஆசிரியர் எல்லாரும் தாமாகவே நல்ல தலைமையாசிரியர் ஆகிவிடுவதில்லை. குழந்தைகளைப் பழக்கத் தெரிந்தவருக்குப் பெரியவர்களிடம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. உடன் பணியாற்றியவர் தாமதமாக வரும்போது எப்படிச் சொல்வது? கோபத்தோடு வாசலில் நிற்கும் தந்தையை எப்படி அமர வைப்பது? இதற்கான பயிற்சி நியமன ஆணை வரும் நாளில் தொடங்குவதன்று. தலைமையாசிரியர் விடுப்பில் இருக்கும்போது பொறுப்பை மறுக்காமல் ஏற்பதும், பதிவேடுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும், வட்டார வள மையப் பயிற்சிகளுக்குக் கருத்தாளராகப் போய்ப் பெரியவர்கள் முன் நின்று பேசிப் பழகுவதும் முன்கூட்டியே செய்ய வேண்டியவை. வகுப்பை முற்றிலும் விட்டுவிடவும் கூடாது. நான் ஓதிய மதரஸாவில் முதல்வராக இருந்த உஸ்தாது அவர்கள், கட்டட வேலையும் நன்கொடைக் கணக்கும் தலைக்கு மேல் இருந்த காலத்திலும், முதலாம் ஆண்டு மாணவர்களின் ஒரு பாடத்தை மட்டும் எவருக்கும் கொடுத்ததில்லை. மாணவர்களின் நிலை அவருக்கு எவருடைய அறிக்கையும் இன்றித் தெரிந்திருந்தது.

பெற்றோராகிய உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. கூட்டத்திற்கு வராமல் கையொப்பத்தை மட்டும் வீட்டுக்கு வரவழைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஜமாஅத்துகள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே வந்திருக்கும் அண்டை மஹல்லா நிர்வாகிகள் பொறுத்தருள்க. 1998 இல் கேரளத்துச் சிறுபான்மைப் பள்ளி ஒன்றின் வழக்கில், தகுதியுள்ளவர்களில் தமக்கு ஏற்றவரைத் தலைமையாசிரியராகத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிர்வாகத்திற்கு உண்டு, பணிமூப்பு மட்டுமே அளவுகோல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 30 ஆம் பிரிவு நமக்குத் தந்த பெரும் அமானிதம் அது. நான் முன்பு பணியாற்றிய ஊர் ஒன்றில் அந்த உரிமை என்னவாயிற்று தெரியுமா? நிர்வாகம் இரண்டாகப் பிரிந்து, இரு தரப்பும் தத்தம் உறவினரை முன்னிறுத்தின. பொறுப்புத் தலைமையாசிரியரோடு பள்ளி மாதக்கணக்கில் ஓடியது. அவ்வாண்டு சேர்க்கைக் காலத்தில் பள்ளி வாசலில் நின்றவை தனியார் ஆங்கிலப் பள்ளியின் வேன்களே. மூத்தவரைத் தாண்டி ஒருவரை நியமிக்கும் நிர்வாகம், அதற்கான காரணத்தைப் பொதுக்குழுவில் எழுந்து நின்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். சொல்லக் கூசும் காரணமென்றால் மூத்தவருக்கே கொடுத்துவிடுவது நல்லது.

கடைசியாக, பலருடைய உறக்கத்தைக் கெடுத்திருக்கும் தகுதித் தேர்வு. 2010 இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் இதனைக் கட்டாயமாக்கியது. தமிழகத்தில் முதல் தேர்வு 2012 இல் நடந்தது. அதற்கு முன் பணியில் சேர்ந்தவர்கள் இது தமக்கில்லை என்றே இருந்தனர். 2025 செப்டம்பர் 1 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் எஞ்சியிருப்போர் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளோர் பணியில் தொடரலாம். ஆனால் தேர்ச்சியின்றிப் பதவி உயர்வு இல்லை. சிறுபான்மைப் பள்ளிகளின் நிலையைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. இருபது ஆண்டு கற்பித்தவரைத் தேர்வு எழுதச் சொல்வது நியாயமா என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. அந்த வாதத்தைச் சங்கங்கள் நடத்தட்டும். நம் சகோதரிகள் அதற்காகக் காத்திருக்காமல் இப்போதே படிக்கத் தொடங்க வேண்டும். முதல் தாளில் 150 வினாக்கள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல். இவை அவர்கள் நாள்தோறும் புழங்கும் பாடங்களே.

ஞாயிறுகளில் காலை பத்து மணிக்கு மக்தபு முடிந்த பின் மதரஸாவின் மேல்மாடி அறை ളுஹர் வரை காலியாகவே கிடக்கிறது. மின்விசிறி இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, தனிப் படிக்கட்டும் இருக்கிறது. வரும் ஞாயிறு முதல் அவ்வறையை ஆசிரியைகள் பயன்படுத்திக்கொள்ள நிர்வாகம் இசைந்திருக்கிறது. தேர்வில் ஏற்கெனவே தேறிய இளைய ஆசிரியைகள் மூத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க முன்வந்தால் வெளியிலிருந்து எவரையும் அழைக்க வேண்டியதில்லை. சாவி முஅத்தின் சாஹிப் அவர்களிடம் இருக்கும். வஸ்ஸலாம்.