கோர்வைக்கு ரெண்டு பேர் வேணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



"குடும்பமும் பெண்ணின் தியாகமும்" என்று பேசச் சொன்னாங்க. எனக்கு உடனே ஞாபகம் வந்தது ‘அவள் ஒரு தொடர்கதை’ படம்தான். 1974-இல் கே. பாலசந்தர் எடுத்தது. கவிதாவாக சுஜாதா நடிச்சாங்க. அதே வேஷத்தை 1976-இல் தெலுங்கில் ஜெயப்பிரதாவும், 1982-இல் ‘ஜீவன் தாரா’ என்று இந்தியில் ரேகாவும் போட்டாங்க. எல்லா ஊரிலும் ஒரு கவிதா இருக்கா போலிருக்கு.

அப்பா வீட்டை விட்டுப் போயிட்டார். அண்ணன் குடிகாரன். விதவைத் தங்கச்சி, பார்வையில்லாத தம்பி, அண்ணனோட பிள்ளைங்க, எல்லாருக்கும் ஒருத்தி சம்பளம்தான் சோறு. தான் விரும்பினவரை அந்தத் தங்கச்சிக்கே கட்டி வைக்கிறா. கடைசியில் தன் கல்யாண நாளிலேயே அண்ணனைப் பறிகொடுத்துட்டு, மறுபடியும் பஸ் ஏறி வேலைக்குப் போறா.

நாம அழுதோம். "எப்பேர்ப்பட்ட பொண்ணு!" என்றோம். ஆனா ஒண்ணு கேக்கிறேன். கவிதா சிடுசிடுன்னு எரிஞ்சு விழுவாளே, ஞாபகம் இருக்கா? அது திமிர் இல்லை, களைப்பு. அந்த வீட்டில் அதை யாரும் கேக்கலை.

நாமளும் கேக்கிறதில்லை. எங்க குழுவில் ஒரு தங்கச்சி உள்கடன் வாங்கினா. தீர்மானப் புத்தகத்தில் ‘தறிச் சாமான்’ என்று எழுதினோம். பணம் போனது தம்பியோட வண்டிக்கு. தவணைக்காக அவ ராத்திரி பதினோரு மணி வரை தறியில் உட்கார்ந்தா. நாங்களோ, "தவணை தவறாத பொண்ணு" என்று கைதட்டினோம். விஷயம் தெரிஞ்சப்போ வெட்கமாப் போச்சு. அவ அம்மாவைக் கூட்டத்துக்கு வரச் சொல்லிப் பேசினோம். இப்போ பாதித் தவணை தம்பி தர்றான். மீதிப் பாதிக்கு இன்னமும் அவதான் நெய்யறா.

தியாகம் வேண்டாம்னு நான் சொல்லலை. பெத்தவங்களையும் பிள்ளைங்களையும் விட்டுட முடியுமா? ஆனா அவளா மனசு வந்து கொடுக்கிறது வேற, அவ தலையில் கட்டுறது வேற.

அதனால ஒரு வேண்டுகோள். இனி கடன் தரும்போது ரெண்டு கேள்வி கேட்டு எழுதிக்குவோம்: பணம் யார் கைக்குப் போகுது? தவணையை யார் சம்பாதிச்சுக் கட்டப் போறாங்க? ரெண்டுக்கும் வேற வேற பேர் வந்தா, கையெழுத்துக்கு முன்னாடி அந்த வீட்டோட பேசுவோம்.

நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லவா வேணும்? கோர்வைச் சேலைக்கு ஒருத்தர் நெய்ய, அந்தப் பக்கக் கரைக்கு இன்னொருத்தர் உட்கார்ந்து நாடா தள்ளணும். ஒரே ஆள் ரெண்டு பக்கமும் ஓட முடியாது. குடும்பமும் அப்படித்தான்.