நேரான பாதம் நிலைத்திட
(கேமரன் மலை, திரிங்காப் வட்டாரத் தோட்டக் குடும்பங்களிடையே தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று, பாதம் உட்புறம் திரும்பிய நிலையில் பிறக்கின்றது. இதனைக் கிரகண தோஷம் என்று கூறிக் குழந்தையை மறைத்து வைப்போர் இன்னும் நம்மிடையே உளர். இஃது எவர் செய்த பாவமும் அன்று, திருத்தக்கூடிய குறையே.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் பொன்செட்டி வகுத்த முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது. பிறந்த சில வாரங்களிலேயே பாதத்தை மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவர். வாரந்தோறும் கட்டு மாற்றப்படும். பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகும். குதிகாலின் பின்னுள்ள இறுகிய நாணைத் தளர்த்தச் சிறு அறுவையும் பலருக்குத் தேவைப்படும். பின்னர், ஒரு சட்டத்தின் இரு முனைகளிலும் காலணி பொருத்திய கருவியை மருத்துவர் எழுதித் தருவார். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், அதன்பின் நான்கு வயது வரை உறங்கும் வேளைகளிலும் அதனை அணிவிக்க வேண்டும்.

எழுதித் தந்த கருவி குழந்தையின் காலைச் சேர்வதற்குள் எத்தனை தடைகள்! மலையிறங்கி ஈப்போவுக்கோ, நெடுந்தொலைவிலுள்ள குவாந்தானுக்கோ செல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம் போகின்றது. குழந்தை வளர வளரக் காலணியும் மாற்றப்பட வேண்டும். பிறப்புப் பத்திரமோ குடியுரிமைச் சான்றோ இல்லையெனில் உதவி கிட்டுவது அரிதாகும். குடிமக்கள் அல்லாதார்க்கு அரசு மருத்துவமனைக் கட்டணமும் கூடுதல்.

இவற்றைக் கடக்க வழி உண்டு. பெரிய அரசு மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணி அதிகாரிகள் உள்ளனர். பணமில்லை என்று வீடு திரும்புமுன் அவர்களைக் காணுங்கள். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பதிவு பெற்றோரில் வசதி குறைந்தவர்களுக்கு, மருத்துவர் பரிந்துரையின் பேரில் துணைக்கருவி வாங்கச் சமூக நல இலாகா உதவுகின்றது. பிள்ளை பிறந்தவுடன் பிறப்பைப் பதிந்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தடை ஒன்று நம் வீட்டினுள்ளேயே உள்ளது. குழந்தை அழுகின்றது, கால்தான் நேராகிவிட்டதே என்று கருவியைக் கழற்றி மூலையில் வைத்துவிடுகின்றோம். பாதம் மீண்டும் வளைவதற்கு முதற் காரணம் இதுவே.

1741இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி, வளைந்த இளமரம் ஒன்றை நேரான கம்பத்தோடு கட்டியிருக்கும் படத்தைத் தம் நூலில் வெளியிட்டார். இன்றும் எலும்பு மருத்துவத்துறையின் சின்னம் அதுவே. பால்மரத் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் கன்று வளர்த்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? தண்டு உறுதிப்படுமுன் கட்டை அவிழ்ப்பார் உண்டோ?

அண்டை வீட்டாரே, அந்தத் தாய் மருத்துவமனை செல்லும் நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கத் தோழர்களே, அவருக்கு விடுப்புக் கிடைக்க நிர்வாகத்திடம் பேசுங்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. திருத்த வேண்டிய காலம் இதுவே.