நெஞ்செரிவும் ஒரு சிரிப்பும்

(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நடுத்தர வயதும் நகைச்சுவை நாவலும் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "எங்கட வயசில சிரிக்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்று என் வகுப்புத்தோழி கேட்டாள். அவளுக்குப் பதிலாக ஒரேயொரு நாவலைச் சொல்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் நோரா எஃப்ரன் 1983இல் வெளியிட்ட 'ஹார்ட்பேர்ண்'. நெஞ்செரிவு என்று பொருள். கதாநாயகி ரேச்சல் சமையல் நூல்கள் எழுதுபவள். இரண்டாவது பிள்ளைக்கு ஏழு மாதக் கர்ப்பிணியாக இருக்கும்போது, கணவன் இன்னொருத்தியைக் காதலிப்பதை அறிகிறாள். இது பெரும்பாலும் எழுத்தாளரின் சொந்தக் கதை. அவருடைய கணவர் கார்ல் பேர்ன்ஸ்டீன், வோட்டர்கேட் விவகாரத்தை வெளிக்கொணர்ந்த இரு நிருபர்களில் ஒருவர். நாட்டின் ஜனாதிபதியைத் துருவியவர் வீட்டில் இப்படியும் ஓர் இரகசியம்!

அழுது முடிக்க வேண்டிய இந்தக் கதையின் நடுவே ரேச்சல் சமையற் குறிப்புகள் தருகிறாள். மனம் நொந்த நாளில் மசித்த உருளைக்கிழங்கு எப்படிச் செய்வது என்கிறாள். கணவனுக்குப் பிடித்த சலாட்டுக்கான வினாகிரிக் கலவையின் பக்குவத்தை மட்டும் அவனுக்குச் சொல்லாமலே வைத்திருக்கிறாள். அதற்காகவாவது அவன் தன்னோடு இருப்பான் என்ற நப்பாசை. நாவல் முடியும் தறுவாயில் அதையும் கொடுத்துவிடுகிறாள். இனிப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. விருந்தொன்றில் தேசிக்காய்ப் 'பை' பலகாரத்தை அவன் முகத்திலேயே எறிந்தும் விடுகிறாள். 1986இல் இது படமானபோது ரேச்சலாக மெரில் ஸ்ட்ரீப் நடித்தார். திரைக்கதையையும் எஃப்ரனே எழுதினார்.

எங்கள் மேடை நாடகங்களில் நடுத்தர வயதுப் பெண் என்றால் வாயாடி மாமியார், அல்லது சந்தேகப்படும் மனைவி. அவளைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். இந்த நாவலில் அவளே சொல்கிறாள், அவளே முதலில் சிரிக்கிறாள். ஊர் கதைக்க முன்னர் தன் கதையைத் தானே சொல்லிவிடுகிறாள். வித்தியாசம் இதுதான்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி பல வருடங்களாக ஒன்றுகூடல்களுக்கு வராமல் இருந்தாள். நாங்கள் என்ன கேட்போமோ என்ற பயம். ஒரு வருடம் வந்தாள். சாப்பாட்டு மேசையில், "நீங்கள் கேக்க முதல் நானே சொல்லுறன். அவர் போகேக்க பிறஷர் குக்கரையும் கொண்டுபோயிட்டார். குக்கருக்குத்தான் நான் ரெண்டு நாள் அழுதனான்" என்றாள். மேசையே சிரித்தது. பிறகு யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். அதன்பின் இன்னும் இரண்டு பேர், அதுவரை எவருக்கும் சொல்லாத தங்கள் வீட்டுக் கதைகளைச் சொன்னார்கள்.

சிரிப்பு காயத்தை ஆற்றும் என்று நான் சொல்லவில்லை. ரேச்சலின் நெஞ்செரிவும் புத்தகத்தோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் சிரிப்பு கதவைத் திறக்கிறது. நூறு வயதான இந்தச் சங்கம் கட்டடங்களுக்கு நிதி சேர்த்திருக்கிறது, புலமைப்பரிசில்கள் வழங்கியிருக்கிறது. இவற்றோடு, வெட்கப்படாமல் வந்து கதைக்கக்கூடிய ஒரு மேசையாகவும் அது என்றும் இருக்கட்டும். இன்று வராமல் வீட்டில் இருக்கும் தோழிக்கு இன்றிரவே ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.