நிரலோடு செல்ல வேண்டிய தமிழ்



சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரத் தொழிலைக் கண்டவர்கள் ஒன்றை அறிவர். வாளியில் சேரும் நீர்ப்பாலும் கோப்பையில் உறைந்த கட்டிப்பாலும் ஒரே மரத்தின் பயன்களே. ஆயினும் அவற்றைத் தனித்தனியே சேர்த்துத் தனித்தனியே பதப்படுத்துவர். கணினி நிரலாக்கத்திலும் இத்தகைய பிரிவு உண்டு.

ஜாவா மொழியில் ஒரு செயலியை ஆக்கும்போது இருவகைக் கோப்புகள் சேர்கின்றன. முதலாவது, தொகுப்பி பைட் குறியீடாக மாற்றும் நிரல். இரண்டாவது, மாற்றமின்றி அப்படியே செல்ல வேண்டிய துணைக் கோப்புகள்: படங்கள், எழுத்துருக்கள், திரையில் தோன்றும் சொற்களின் பட்டியல்கள். தமிழ் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையிலேயே வாழ்கிறது. ஆகவே துணைக் கோப்புகளுக்கு நேர்வதே தமிழுக்கும் நேர்கிறது.

தமிழ்ப்பள்ளி ஒன்றிற்காக நம் மாணவர்கள் வினாவிடைச் செயலி ஒன்றை ஆக்குவதாகக் கொள்வோம். தமிழ்ச் சொற்பட்டியலை நிரல் இருக்கும் கோப்புறையிலேயே வைக்கின்றனர். எக்லிப்ஸ் மென்பொருள், நிரலல்லாத கோப்புகளையும் இயல்பாகவே வெளியீட்டுக் கோப்புறைக்குப் படியெடுத்துவிடும். அங்கே எல்லாம் சரியாக இயங்கும். பின்னர் மேவன் கருவியால் அதே செயலியைக் கட்டினால், 'ஜாவா' கோப்புறையிலுள்ள நிரல் மட்டுமே தொகுக்கப்படும், பட்டியல் விடுபடும். 'ரிசோர்சஸ்' என்னும் கோப்புறையில் உள்ளவற்றையே மேவன் இயல்பாகப் படியெடுக்கும். கிரேடிலும் அவ்வாறே. ஆன்ட் கருவியிலோ படியெடுக்கும் கட்டளையை நாமே தனியாக எழுத வேண்டும்.

இதில் வருந்தத்தக்கது யாதெனில், பிழைச் செய்தி எதுவும் தோன்றாமற் போகலாம். தமிழ்ப் பட்டியல் கிடைக்காவிடில், ஜாவா அக்கணினியின் இயல்பு மொழிப் பட்டியலையும், அதுவும் இன்றேல் அடிப்படைப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளும். திரையில் ஆங்கிலமோ மலாயோ தோன்றும். மொழிபெயர்த்தவரின் உழைப்பு ஓசையின்றி மறையும். தமிழில் எவரும் எழுதவில்லை என்றே பிள்ளைகள் எண்ணுவர்.

தீர்வு எளிது. சொற்பட்டியலை 'ரிசோர்சஸ்' கோப்புறையில் வைப்பதே முறை. நிரலருகே வைத்தே தீரவேண்டுமெனில், மேவனின் அமைப்புக் கோப்பில் அக்கோப்புறையையும் துணைக் கோப்புகளின் இடமாக அறிவிக்கலாம். அவ்வாறு அறிவித்தால் பழைய இயல்பிடம் நீங்கிவிடும். அதையும் மீண்டும் குறிப்பிட வேண்டும்.

கோப்பு சென்றால் மட்டும் போதாது. எழுத்தும் சிதையாமல் செல்ல வேண்டும். ஜாவா 8 வரை இத்தகைய சொற்பட்டியல்கள் இலத்தீன் குறியேற்றத்திலேயே படிக்கப்பட்டன. 'க' என்னும் ஓரெழுத்தை 0பி95 என்ற ஒருங்குறி எண்ணால், ஆறு குறிகளாக எழுத வேண்டியிருந்தது. 2017இல் வந்த ஜாவா 9 முதல், மொழிப் பட்டியல்கள் யுடிஎப்-8 முறையில் படிக்கப்படுகின்றன. தமிழைத் தமிழாகவே எழுதலாம். மேவனிலும் மூலக் கோப்புகளின் குறியேற்றம் யுடிஎப்-8 என அறிவித்தல் நன்று.

மற்றொரு கவனமும் தேவை. படியெடுக்கும்போதே கோப்பினுள் உள்ள மாறிகளுக்கு மதிப்பு நிரப்பும் வசதி மேவனில் உண்டு. எழுத்துருக் கோப்புகள் இவ்வழியே சென்றால் பழுதடையும். அவற்றை இவ்வசதிக்கு உட்படாத தனி இடத்தில் வைத்தல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் ஆக்கிய செயலியை அவர்தம் கணினியில் மட்டும் பார்த்து மதிப்பிடாதீர்கள். இறுதியாகக் கிடைக்கும் ஜார் கோப்பு ஒரு ஜிப் பொதியே. அதைத் திறந்து, தமிழ்ப் பட்டியல் உள்ளே இருக்கிறதா என்று காணச் சொல்லுங்கள். பின்னர் வேறொரு கணினியில் இயக்கச் சொல்லுங்கள்.

தமிழில் எழுதுவது நம் பணியின் ஒரு பாதி. எழுதிய தமிழ் பயனர் திரையை அடைவதை உறுதிசெய்வது மறுபாதி. அவ்விரண்டையும் நம் மாணவர்கள் ஒருங்கே கற்பாராக.