விண்ணப்பத்தில் எதைப் பார்க்கிறார்கள்? திறமையையா, பெயரையா?

(ஹுத்தான் மெலிந்தாங்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பால்மரம் வெட்டியும் செம்பனைப் பழம் பொறுக்கியும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நீங்கள். பிள்ளையும் போலித்தெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடித்துவிட்டான். அல்லது மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலை வாங்கிவிட்டாள். விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் அனுப்பியும் அழைப்பு இல்லை. "நமக்கு ராசி இல்லை" என்று சொல்லிக்கொள்கிறோம். கோவிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதில் ராசியைத் தாண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

லீ ஹ்வோக் ஆன், முகமட் அப்துல் காலிட் என்ற இரு ஆய்வாளர்கள், பொறியியல் வேலைக்கும் கணக்கியல் வேலைக்கும் கற்பனை விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒப்பிடத்தக்கது, பெயர்கள் மட்டும் சீனம், மலாய் என்று வேறு வேறு. அந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. சீனப் பெயர்களுக்கு 22.1 விழுக்காடு அழைப்பு. மலாய்ப் பெயர்களுக்கு 4.1 விழுக்காடுதான்.

அந்த ஆய்வில் இந்தியப் பெயர்களே இல்லை. இருந்தும் நமக்கு அதில் பாடம் உண்டு. நேர்காணல் அறைக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே, பெயரைப் பார்த்தே வடிகட்டல் நடக்கிறது. நாட்டின் பெரும்பான்மை இனத்தவரே அதில் அடிபடுகிறார்கள் என்றால் இது நம் இனத்தின் பிரச்சினை மட்டும் அல்ல. பக்கத்து கம்பத்து மலாய்க்காரப் பையனும் இதில் நம்மோடு நிற்க வேண்டியவன்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 8(2) பிரிவு இனம், சமயம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அரசியலமைப்பே அனுமதித்த விதிவிலக்குகள் தனி. ஆனால் வேலை விஷயத்தில் அது பொது அதிகார அமைப்புகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. கர்ப்பமாக இருந்ததால் தற்காலிக ஆசிரியர் வேலையை இழந்த நூர்ஃபாடில்லா 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் வென்றார், எதிர்த்தரப்பு அரசாங்கம். விமானப் பணிப்பெண் பியட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் 2005இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றார். எதிர்த்தரப்பு விமான நிறுவனம்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 69எஃப் என்ற புதிய பிரிவு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. பாகுபாட்டுப் புகாரைத் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். அவர் உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். நல்லதுதான். ஆனால் அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்கு. வேலையே கிடைக்காதவன் தொழிலாளி ஆவது எப்போது? வாசலில் தடுக்கப்பட்டவனுக்கு அங்கே இடமில்லை.

வேலைக்கு எடுக்கும் கட்டத்தில் சட்டம் தலையிடவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொழிற்சங்க உறுப்பினர் என்பதற்காக ஒருவருக்கு வேலை மறுக்கக்கூடாது என்று 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு ஏற்கனவே சொல்கிறது. சங்கத்துக்கு முடிந்தது இனத்துக்கு ஏன் முடியாது? சிங்கப்பூர் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் ஆள் எடுக்கும் கட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறது.

சரி, நியாயமான தேர்வு என்றால் என்ன? கேட்கும் தகுதி, செய்யும் வேலையோடு ஒட்டியிருக்க வேண்டும். செம்பனை ஆலையில் பாய்லர் ஓட்டுகிறவரிடம் அதற்குரிய சான்றிதழ் கேட்பது நியாயம், உயிர் சம்பந்தப்பட்டது. மோட்டார் பழுது பார்க்கிறவரிடம் மாண்டரின் கேட்பது எதற்கு? சீன நாட்டு வாடிக்கையாளரோடு தினமும் பேச வேண்டிய வேலை என்றால் ஒப்புக்கொள்ளலாம். மற்றபடி அது மொழித் தேர்வு அல்ல. கதவுக்குப் போட்ட பூட்டு.

அமெரிக்காவில் ஒரு மின்நிலையத்தில் கறுப்பினத்தவரைக் கூலிப் பிரிவில் மட்டும் வைத்திருந்தார்கள். 1965இல் சட்டம் அதைத் தடுத்ததும், நிறுவனம் மற்றப் பிரிவுகளுக்கு உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழும் எழுத்துத் தேர்வுகளும் வேண்டும் என்றது. சான்றிதழ் இல்லாத வெள்ளையர்கள் அதே வேலையை ஏற்கனவே ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்கள்! 13 கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத தகுதி, நோக்கம் எதுவானாலும், ஓர் இனத்தை ஒதுக்கினால் செல்லாது என்று 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரிக்ஸ் வழக்கு என்பது அதுதான். வழக்குப் போட்டவர்கள் கூலித் தொழிலாளிகள் என்பதை மறக்காதீர்கள்.

நேர்காணலும் அப்படியே. எல்லாரிடமும் ஒரே கேள்விகள், ஒரே செய்முறைத் தேர்வு, ஒவ்வொரு தேர்வாளரும் தனித்தனியாக எழுதிய புள்ளிகள். "இவன் நமக்கு ஒத்துவருவானா?" என்ற மனக்கணக்கு வேண்டாம். நம்மவர் ஒருவர் சூப்பர்வைசராக இருந்து, தங்கை மகனை விளம்பரமே இல்லாமல் உள்ளே சேர்த்துவிட்டால் அதுவும் அதே அநியாயம்தான். நமக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது.

இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று: வேலை விளம்பரத்தையும் அனுப்பிய விண்ணப்பத்தையும் வந்த பதிலையும் தேதியோடு சேமித்து வையுங்கள். இரண்டு: நேர்காணலில் சமயம், திருமணம், பிள்ளைப்பேறு பற்றிக் கேட்டால் வெளியே வந்த உடனே எழுதி வையுங்கள். மூன்று: மறுத்தது அரசு அமைப்பு என்றால் தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். நீதிமன்ற மறுஆய்வுக்கு மூன்று மாதம்தான் கெடு.

பெற்றோர்களே, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அரிசி மூட்டை கேட்காதீர்கள். 69எஃப் பிரிவை வேலை தேடுவோருக்கும் விரிவுபடுத்துவீர்களா, எந்தெந்தக் காரணங்களால் ஒதுக்கக்கூடாது என்று சட்டத்தில் எழுதுவீர்களா என்று கேளுங்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் சலுகை கேட்கவில்லை. எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கச் சொல்கிறோம்.