பங்கும் வரம்பும்

உங்களுள் பலர் திருமலைக்குச் சென்று வந்திருப்பீர்கள். 2020ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் அங்கே தரிசனம் செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்டு இலவசமாக வழங்கும் முறை ஏற்பட்டது. மேலும் வேண்டுவோர் விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். செல்வரானாலும் கூலி வேலை செய்பவரானாலும் இலவசமாகக் கிடைப்பது ஒன்றுதான். இவ்வாறு அளந்து கொடுப்பது கருமித்தனம் அன்று. வரிசையின் கடைசியில் நிற்பவரும் வெறுங்கையுடன் திரும்பலாகாது என்னும் எண்ணமே அதன் அடிப்படை. பலர் கூடிப் பயன்படுத்தும் கணிப்பொறியிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

திருப்பதி கோயில் நகரம் மட்டும் அன்று, கல்வி நகரமும் ஆகும். 1954இல் திருவேங்கடவன் பெயரால் பல்கலைக்கழகம் அங்கே தோன்றியது. 2015இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் வந்து சேர்ந்தது. அந்த வட்டாரத்துக் கல்லூரி ஒன்றின் கணிப்பொறி அறையில் நான் சில காலம் பணியாற்றினேன். அங்கே எல்லா மாணவர்களின் கோப்புகளும் ஒரே வட்டில் இருந்தன. யாருக்கும் வரம்பு கிடையாது. ஒரு நாள் மாலை மாணவர் ஒருவர் தம் நிரலை ஓடவிட்டு, நிறுத்த மறந்து வீட்டுக்குச் சென்றுவிட்டார். அது இரவு முழுதும் ஒரு கோப்பில் வரிமேல் வரியாக எழுதிக்கொண்டே இருந்தது. விடிந்தபோது வட்டில் இம்மியளவும் இடமில்லை.

அன்று காலை, சித்தூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டைத் திறந்து, ஒரு பக்கம் சேர்த்துச் சேமித்தார். அவர் பயன்படுத்திய நிரல் பழைய கோப்பைக் காலி செய்துவிட்டுத்தான் புதியதை எழுதத் தொடங்கும். காலி செய்தாயிற்று, எழுத இடமில்லை. அவர் ஏட்டை எழுதவிருந்த இடத்தையும் அந்த ஓடும் நிரலே அக்கணத்தில் விழுங்கிவிட்டது. ஒரு மாத உழைப்பு மறைந்தது. அவர் அழவில்லை, வெறுமையாகக் கிடந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தவறு செய்தவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர். வரம்பில்லாத பொதுச்சொத்தின் இயல்பு இதுதான்.

இதற்குப் பரிகாரம் முன்னரே காணப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராபர்ட் எல்ஸ் என்பவர் அமைத்த வட்டுப்பங்கீட்டு முறை, பெர்க்லி யூனிக்ஸின் 1983ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது. பின்னர் லினக்ஸிலும் இத்தகைய முறை அமைந்தது. அது எவ்வாறு செயற்படுகிறது?

கருவறைக்குள் நாம் நுழைவதில்லை. மாலையை அர்ச்சகரிடம் கொடுக்கிறோம், அவர் சாத்துகிறார். அதுபோலவே எந்த நிரலும் வட்டைத் தானே தொடுவதில்லை. 'கெர்னல்' எனப்படும் உட்கருவிடம் விண்ணப்பிக்கிறது, உட்கருவே எழுதுகிறது. இவ்விண்ணப்பத்துக்கு 'சிஸ்டம் கால்', அதாவது அமைப்பு அழைப்பு என்று பெயர். பங்கீட்டை நடத்துவதற்கென்றே 'கோட்டா கண்ட்ரோல்' என்னும் சொற்களைச் சுருக்கிப் பெயரிட்ட தனி அழைப்பு ஒன்று இருக்கிறது. அதனிடம் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும்: என்ன செய்ய வேண்டும், எந்த வட்டில், யாருக்கு, எந்த விவரங்களுடன் என்பவையே அவை. பங்கீட்டைத் தொடங்குவது, நிறுத்துவது, ஒருவர் கணக்கைப் படிப்பது, வரம்பை மாற்றுவது ஆகிய அனைத்தும் இந்த ஒரே வாயிலின் வழியே நடைபெறும். வரம்பை மாற்றும் அதிகாரம் நிர்வாகிக்கு மட்டுமே உண்டு. ஆனால் தம் கணக்கைத் தாமே கேட்டறியும் உரிமை பயனர் ஒவ்வொருவருக்கும் உண்டு. இது போற்றத்தக்க ஏற்பாடாகும்.

வரம்புகள் இருவகைப்படும். ஒன்று மென்வரம்பு, மற்றொன்று வன்வரம்பு. மென்வரம்பைக் கடந்தவருக்குத் தவணை கொடுக்கப்படும். லினக்ஸில் வழக்கமான தவணை 7 நாட்கள். அதற்குள் தேவையற்றவற்றை நீக்கிவிட்டால் குற்றமில்லை. நீக்காவிடில் மென்வரம்பே வன்வரம்பாகிவிடும். வன்வரம்பையோ ஒருபோதும் கடக்க இயலாது. 'பங்கு தீர்ந்தது' என்னும் பிழையுடன் விண்ணப்பம் திரும்பிவிடும். இடத்தின் அளவுக்கு மட்டுமன்றிக் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் இவ்வாறே தனி வரம்புண்டு. சின்னஞ்சிறு கோப்புகளை இலட்சக்கணக்கில் குவித்தாலும் வட்டு முடங்கிப்போகும் அல்லவா?

குழுவுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர் ஒருவரும் குழு ஒன்றும் இருப்பதால், அக்கோப்பு பிடிக்கும் இடம் இரண்டு கணக்கிலும் ஏறும். ஒருவர் எத்தனை குழுக்களில் உறுப்பினர் என்பதை உட்கரு பார்ப்பதில்லை. கோப்பின்மேல் எக்குழுவின் பெயர் இருக்கிறதோ அதன் கணக்கிலேயே எழுதும். ஆகவே தம் பங்கில் மிச்சமிருந்தும் குழுவின் பங்கு தீர்ந்ததால் ஒருவருக்கு இடம் மறுக்கப்படலாம். பெங்களூரிலோ ஐதராபாத்திலோ அலுவலகத்தில் பணியாற்றும் நேயர்கள் இத்தகைய மறுப்பைக் கண்டால், இரண்டு கணக்குகளையும் பார்ப்பது நலம்.

எங்கள் கல்லூரியிலும் பிறகு வரம்பு வந்தது. முதலில் நான் எல்லார்க்கும் சமமாகவே பங்கிட்டேன். சமம் என்பதால் அது நியாயம் என்று எண்ணினேன். முதலாண்டு மாணவரின் பங்கு பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. ஆய்வு மாணவர்களோ மாதந்தோறும் என் மேசை முன் வந்து நின்றார்கள். பந்தியில் குழந்தைக்கும் உழவருக்கும் ஒரே அளவு சோறு பரிமாறுவது போன்ற பிழை அது. தேவையைக் கேட்டறிந்து திருத்திய பின்னரே முணுமுணுப்பு அடங்கியது.

இன்னொன்றையும் அப்போதுதான் உணர்ந்தேன். வரம்பு என்பது உச்சி அளவே. ஒதுக்கி வைத்த இடம் அன்று. 1,000 அலகு கொள்ளும் வட்டில் 200 பேருக்குத் தலைக்குப் பத்து அலகு என்று விதித்தால், கூட்டுத்தொகை 2,000 ஆகிறது. எவரும் தம் வரம்பை மீறாமலே வட்டு நிரம்பிவிடக்கூடும். அதனால் இருக்கும் இடத்தைப் பார்த்தே எண்ணைக் குறிக்க வேண்டும்.

அம்மாணவி தம் ஆய்வேட்டை மீண்டும் எழுதி முடித்தார். முன்பே வரம்பு இருந்திருந்தால், அன்று நின்றிருப்பது அந்த ஓடும் நிரல் ஒன்றுதான். ஆயினும் தம் பங்கே தீர்ந்துபோன வேளையிலும் கோப்பு அவ்வாறு அழியக்கூடும். எனவே வேறோர் இடத்தில் படி ஒன்று வைத்திருப்பது யாவர்க்கும் கடமை.

கணக்கைப் பிசகாமல் வைத்துக்கொள்ள உட்கரு அறியும். எந்த எண் நியாயமானது என்பதை அது அறியாது. அதை அறிய வேண்டியவர்கள் நாம்தாம்.